ஏழு தந்திக் கிற்றாரும் ஒரு கரகரத்த குரலும்

நூலொன்றேனும் அச்சேறாத ஒருவரைக் கவிஞர் என்று சொல்லலாமா? சென்ற தவணையில் எங்கள் இலக்கிய வட்டத்திலே மாணவன் ஒருவன் எழுப்பிய வினா இது. நான் சற்றும் தயங்காமல் ஆகாது என்றேன். கவிதை எழுத்திலே நின்று, ஆறுதலாகப் படிக்கப்பட்டு, நிறுக்கப்பட்டுத் தேறவேண்டியது. மேடையிற் பாடிக் கைதட்டுப் பெறுவது வேறு, இலக்கியம் வேறு என்று விளக்கமுங் கூறினேன். மாணவன் மறுத்துப் பேசவில்லை. ஆயினும் அவன் முகத்தில் நிறைவு தோன்றவில்லை. அடுத்த வாரம் அவன் ருஷ்யப் பாடகர் ஒருவரின் ஒலிப்பதிவைக் கொண்டுவந்து, கேட்டுப் பாருங்கள் ஐயா என்று வேண்டிக்கொண்டான்.

எனக்கு ருஷ்ய மொழி தெரியாது. முதலிற் செவியில் விழுந்தது கிற்றாரின் ஓசை. தந்திகள் தளர்ந்து, சுருதி தாழ்ந்து, ஏதோ பழைய வீட்டின் கதவு அசைவது போன்றிருந்தது. அதன்மேல் எழுந்த குரலோ இனிமை என்ற சொல்லோடு எவ்வித உறவும் இல்லாதது. கரகரத்தது, கிழிந்தது, தொண்டையின் அடியிலிருந்து பிடுங்கி எடுக்கப்பட்டது. பாடகர்கள் உயிரெழுத்தை நீட்டிப் பாடுதல் உலக வழக்கு. இவரோ ரகரத்தையும் லகரத்தையும் னகரத்தையும் பிடித்து நீட்டுகிறார். பொருள் விளங்காமலே நான் அப்பதிவை மும்முறை கேட்டேன். அவர் பெயர் விளாடிமிர் விசோத்ஸ்கி என்றும், 1980ஆம் ஆண்டிலேயே மறைந்தவர் என்றும் மாணவன் சொன்னான். பின்னர் ஆங்கில மொழிபெயர்ப்புக்களின் துணைகொண்டு அவர் பாடல்களையும் வரலாற்றையும் படித்தேன். படிக்கப் படிக்க, நான் கொடுத்த விடை என்னையே உறுத்தத் தொடங்கியது. அவ்வுறுத்தலே இக்கட்டுரைக்குக் காரணம்.

விசோத்ஸ்கி 1938ஆம் ஆண்டு ஜனவரி 25ஆந் திகதி மொஸ்கோ நகரிற் பிறந்தார். தந்தை செஞ்சேனையிற் செய்தித் தொடர்புப் பிரிவைச் சேர்ந்தவர். தாய் ஜேர்மன் மொழிபெயர்ப்பாளர். 1941இல் ஜேர்மனியர் படையெடுத்தபோது குழந்தைக்கு வயது மூன்று. தாயும் மகனும் தெற்கு ஊரல் பகுதியிலுள்ள சிற்றூர் ஒன்றுக்கு அனுப்பப்பட்டு, 1943இல் மொஸ்கோவுக்கு மீண்டனர். பல குடும்பங்கள் ஒரே சமையலறையைப் பகிர்ந்து வாழும் கூட்டு வீடு அவர்கள் இருப்பிடம். ஒரு வீட்டில் மகன் திரும்பி வந்த மகிழ்ச்சி. அடுத்த அறையில் இறப்புச் செய்தி வந்த ஓலம். மெல்லிய சுவர்களுக்கு ஊடாக எல்லாருடைய வாழ்வும் எல்லாருக்குங் கேட்டது. பிறர் குரலைக் கேட்கும் பழக்கத்தை அச்சிறுவன் அங்கேதான் கற்றான் என்று நான் எண்ணுகிறேன்.

போர் முடிந்ததும் பெற்றோர் பிரிந்தனர். 1947 முதல் 1949 வரை அவர் தந்தையோடும், தந்தையின் இரண்டாம் மனைவியாரோடும் ஜேர்மனியின் எபர்ஸ்வால்ட் நகரில் வாழ்ந்தார். ஆர்மேனியப் பெண்மணியாகிய அச்சிற்றன்னை அவரைத் தம் வயிற்றிற் பிறந்த மகனாகவே வளர்த்தார். பியானோ வாசிக்கவும் அங்கு அவருக்குக் கற்பிக்கப்பட்டது. மொஸ்கோ திரும்பியபின், பெரிய கரேத்னி ஒழுங்கையிலுள்ள வீடொன்றில் அவர் இளமை கழிந்தது. 1953இல் ஸ்டாலின் மறைந்ததும் பொது மன்னிப்புப் பெற்றுப் பெருந்தொகையானோர் சிறைகளிலிருந்தும் முகாம்களிலிருந்தும் வெளியேறினர். அவர்களோடு சிறைப்பாடல்களும் நகரத்து முற்றங்களுக்கு வந்து சேர்ந்தன. ஏட்டில் ஏறாத அப்பாடல்களை இளைஞர்கள் கிற்றாரோடு பாடித் திரிந்தனர். பதினேழாவது பிறந்தநாளன்று தாய் மகனுக்கு ஒரு கிற்றார் வாங்கிக் கொடுத்தார்.

அக்கிற்றாரைப் பற்றி இங்கு சிறிது சொல்லவேண்டும். உலகெங்கும் வழங்குவது ஆறு தந்திக் கிற்றார். ருஷ்யரிடத்தோ பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதி தொட்டு ஏழு தந்திக் கிற்றார் ஒன்று வழங்கிவந்தது. அதன் தந்திகளை எங்கும் விரல் வைத்து அழுத்தாமல் ஒருமுறை தடவினாலே முழுமையான இன்னிசைக் கூட்டொலி ஒன்று பிறக்கும். அவ்வாறு அது சுருதி கூட்டப்படுவது. ஜிப்ஸிப் பாடகர்களும், வீட்டுக் கூடங்களிற் காதற் பாடல் பாடியோரும் அதனைப் பெரிதும் விரும்பினர். தனிப் பாடகர் ஒருவருக்கு அதைப் போன்ற துணை வேறில்லை. விசோத்ஸ்கி அதில் வல்லுநர் அல்லர். அவர் கையாண்ட கூட்டொலிகள் மிகச் சில. தந்திகளை வழக்கத்தினுங் குறைந்த சுருதிக்குத் தளர்த்தி வைத்திருந்தார். சொல்லைத் தாங்கி நடக்கும் தாளமாக மாத்திரமே அக்கருவியை அவர் கொண்டார். தம் பாடல்கள் தாளத்தோடு சொல்லப்படும் செய்யுட்களே என்பதும் அவர் கொள்கை.

1955இல் அவர் கட்டடப் பொறியியற் கல்லூரியிற் சேர்ந்தார். ஓராண்டும் நிறையுமுன்னரே வெளியேறினார். 1956இல் மொஸ்கோ கலை அரங்கத்தின் நடிப்புப் பள்ளி அவரை ஏற்றுக்கொண்டது. 1960இல் அங்கு தேறியவர், புஷ்கின் அரங்கிலே சிறு வேடங்கள் தாங்கிக் காலங் கழித்தார். தம் முதற்பாடலென்று அவர் கருதியது 1961இல் இயற்றப்பட்டது. கரேத்னி ஒழுங்கையில் நண்பர் லெவொன் கொச்சாரியானின் வீட்டிலே கூடிய இளைஞர்களே அவரது முதற் சபை. பின்னாளிற் பெரும்புகழ் பெற்ற தர்க்கோவ்ஸ்கி, சுக்ஷின் முதலியோரும் அவ்வட்டத்திற் பழகியவர்கள். கொச்சாரியான் தம் ஒலிப்பதிவுக் கருவியை இயக்கி அப்பாடல்களைப் பதிந்து வைத்தார்.

இவ்வொலிப்பதிவுக் கருவியே விசோத்ஸ்கியின் அச்சுக்கூடமாயிற்று. சோவியத் நாட்டில் நூலையும் இசைத்தட்டையும் வெளியிடுவது அரசு. தணிக்கைக்கு உட்படாமல் ஒரு வரியும் வெளிவராது. ஆனால் அறுபதுகளிலே நாடாச்சுருள் ஒலிப்பதிவுக் கருவிகள் பொதுமக்கள் வீடுகளுக்கு வரத் தொடங்கின. இரு கருவிகளை இணைத்தால் ஒரு சுருளிலிருந்து மற்றொரு சுருளுக்குப் படியெடுத்துக்கொள்ளலாம். அப்படியிலிருந்து வேறொரு படி, அதிலிருந்து இன்னொன்று. படிதோறும் இரைச்சல் கூடும், சொல் மங்கும். ஆயினும் பாடல் நகர்ந்துகொண்டே இருந்தது. மொஸ்கோவில் ஓரிரவு பாடியது சின்னாட்களில் சைபீரியாவிலும் கேட்கப்பட்டது. எந்த அலுவலகமும் அனுமதி கொடுக்கவில்லை. எந்த அலுவலகத்தாலும் தடுக்கவும் முடியவில்லை.

1964ஆம் ஆண்டு அவர் வாழ்விற் பெருந்திருப்பம். யூரி லியூபிமொவ் என்னும் நெறியாளர் தகான்கா அரங்கைப் புத்துயிர் கொடுத்து நடத்தத் தொடங்கிய ஆண்டு அது. விசோத்ஸ்கி அங்கே சேர்ந்தார். சாகும்வரை அவ்வரங்கின் நடிகராகவே இருந்தார். 1966இல் பிரெக்டின் நாடகத்திலே கலீலியோவாகத் தோன்றினார். இந்நடிப்புத் தொழில் அவர் பாடல்களுக்குச் செய்த உதவி பெரிது. நடிகன் ஒருநாள் அரசன், மறுநாள் இரவலன். விசோத்ஸ்கியின் பாடல்களிலும் ஏறக்குறைய எல்லாவற்றிலும் பேசுவது தன்மை ஒருமை. ஆனால் அந்த 'நான்' ஒருவரல்லர். தண்டப்படையில் நிறுத்தப்பட்ட போர்வீரர் பேசுகிறார்; சிறை மீண்டவர் பேசுகிறார்; மலையேறுபவர், சுரங்கத் தொழிலாளர், கடலோடி, வரிசையில் நிற்கும் வாடிக்கையாளர், தொலைக்காட்சிக்கு முன் மனைவியோடு சண்டையிடும் கணவர் என்று பலர் பேசுகின்றனர். 1968இல் இயற்றிய ஒரு பாடலில், தன்னுள்ளே அமர்ந்து தன்னை ஓயாது ஏவும் விமானியை வெறுக்கும் போர்விமானமே பேசுகிறது. அதே ஆண்டின் இன்னொரு பாடலில், சிவப்புக் கொடிகளால் வளைக்கப்பட்டு வேட்டையாடப்படும் ஓநாய் பேசுகிறது.

பிறர் கூற்றைத் தன் வாயாற் பாடுதல் அகத்திணை பயின்ற நமக்குப் புதிதன்று. ஆயினும் இவர் செய்ததில் ஒரு விந்தை உண்டு. கேட்டவர்கள் அக்கூற்றை மெய்யென்றே நம்பினர். தம்மோடு ஒரே படைப்பிரிவிற் போர் புரிந்தவர் நீங்கள்தாமோ என்று முதிய போர்வீரர்கள் அவருக்குக் கடிதம் எழுதினர். போர் தொடங்கியபோது மூன்று வயதுக் குழந்தையாயிருந்தவருக்கு வந்த கடிதங்கள் இவை! தம்மோடு சிறையிலிருந்தவர் என்று எண்ணியோரும் இருந்தனர். அவர் சிறைத்தண்டனை அனுபவித்தவரல்லர். ஒரு கவிஞருக்குக் கிடைக்கத்தக்க பரிசில்களுள் இதனினும் உயர்ந்தது எது என்று எனக்குத் தெரியவில்லை.

1967இல் வெளியான 'செங்குத்து' என்னும் மலையேற்றத் திரைப்படம் அவர் பெயரை நாடெங்கும் பரப்பியது. கோவொருகின், துரொவ் ஆகிய இருவரும் நெறிப்படுத்திய அப்படத்துக்காக அவர் பாடிய பாடல்கள் சிறிய இசைத்தட்டாகவும் வெளிவந்தன. ஆனால் 1968 யூன் மாதத்திலே 'சோவியத்ஸ்கயா ரொசியா' என்னும் நாளேடு அவரைக் கடுமையாகத் தாக்கிக் கட்டுரை வெளியிட்டது. குடிகாரரையும் குற்றவாளிகளையும் அவர் உயர்த்திப் பாடுகிறார் என்பது குற்றச்சாட்டு. அவர் பாடாத பாடல்களும் அவர் தலையிற் சுமத்தப்பட்டன. பேசும் பாத்திரத்தையும் பாடும் புலவரையும் வேறுபிரித்து அறியாத திறனாய்வு அது. முதிய வீரர்களும் அதே மயக்கத்தில் விழுந்தனர். ஆனால் அவர்கள் அன்பினால் மயங்கினர்.

அதன்பின் அவர் நிலை இரண்டுங்கெட்டதாயிற்று. அவர் சிறையிடப்படவில்லை, பாடக்கூடாதென்று வெளிப்படையாகத் தடுக்கப்படவுமில்லை. தொழிற்சாலைகளிலும் ஆராய்ச்சி நிறுவனங்களிலும் கலாசார மண்டபங்களிலும் அவர் பாடினார். ஆனால் அவை பெரும்பாலும் இசைக் கச்சேரிகளல்ல, நடிகரொருவர் இரசிகரைச் சந்திக்கும் கூட்டங்கள் என்றே அறிவிக்கப்பட்டன. எழுத்தாளர் சங்கம் அவரை உறுப்பினராகச் சேர்க்கவில்லை. 1973இல் கட்சியின் மத்திய குழுவைச் சேர்ந்த உயர்தலைவர் ஒருவருக்கு அவர் கடிதம் எழுதினார். மக்கள் எங்குங் கேட்கும் தம் பாடல்களை முறைப்படி பாடும் உரிமை தமக்கு ஏன் இல்லை என்பதே அக்கடிதத்தின் சாரம். நிலைமை பெரிதும் மாறவில்லை. 1974இல் பெரிய இசைத்தட்டு ஒன்றுக்காகப் பாடிப் பதிவு செய்தார். அது வெளிவந்தது 1987இல். வாழ்நாளிற் சிறிய தட்டுக்கள் சிலவும், 1976இல் வெளிவந்த 'அற்புத உலகில் ஆலிஸ்' என்னும் சிறுவர் கதைத் தட்டுக்கு இயற்றிய பாடல்களுமே அவர் சொந்த நாட்டிற் கண்ட அறுவடை. 1975இல் கவிதைத் தொகுப்பொன்றிலே அவர் செய்யுளொன்று அச்சாயிற்று. அறுநூறுக்கு மேற்பட்ட பாடல்களை இயற்றியவருக்கு, அச்சிற் கிடைத்த இடம் அவ்வளவே.

நடுநிலை தவறாதிருத்தல் வேண்டும். அவர் எல்லாவகையிலும் ஒடுக்கப்பட்டவரென்று சொல்வது மிகை. பிரெஞ்சு நாட்டு நடிகை மரினா விளாடியை அவர் 1967இற் சந்தித்து, 1970இல் மணந்தார். 1973 முதல் வெளிநாடு செல்ல இசைவு கிடைத்தது. பாரிஸில் அவர் பாடல்கள் இசைத்தட்டாயின. 1979இன் தொடக்கத்தில் அமெரிக்காவிற் பாடினார். பிறநாட்டு மோட்டார்க் காரொன்றில் மொஸ்கோ வீதிகளிற் சென்றார். இவையாவும் சாதாரண சோவியத் குடிமகனுக்கு எட்டாக்கனி. ஆனால் வெளிநாட்டிற் பெற்ற தட்டுக்களெல்லாம் சொந்த மொழியில் ஒரு நூலுக்கு ஈடாகவில்லை. அவரை வாட்டியது வறுமையன்று. வீடுதோறும் தம் குரல் ஒலிக்க, பெயர்ப்பட்டியலில் தம் பெயர் இல்லாதிருந்த அந்நிலையே அவரை வாட்டியது.

நடிகரென்ற முறையில் அவர் தொட்ட சிகரம் 1971 நவம்பர் 29ஆந் திகதி அரங்கேறிய 'ஹாம்லெட்'. டேனிஷ் இளவரசர் கறுத்தக் கம்பளிச் சட்டையோடு மேடையின் பின்சுவரடியிற் கிற்றாருடன் அமர்ந்திருப்பார். மேடையின் முன்விளிம்பிலே திறந்த சவக்குழி ஒன்று. டேவிட் பொறொவ்ஸ்கி அமைத்த மாபெரும் கம்பளித் திரையொன்று மேடை முழுவதும் நகர்ந்து, மனிதரை மறைத்தும் துடைத்தும் செல்லும். காலமென்றோ விதியென்றோ அதனைக் கொள்ளலாம். ஷேக்ஸ்பியரின் முதல் வரிக்கு முன்னரே இளவரசர் எழுந்து வந்து, பஸ்ரர்நாக் எழுதிய 'ஹாம்லெட்' என்னும் கவிதையைக் கிற்றாரோடு பாடுவார். அக்கவிதை, சோவியத் நாட்டில் அச்சிட அனுமதிக்கப்படாதிருந்த 'டொக்டர் சிவாகோ' நாவலின் இறுதிப்பகுதியைச் சேர்ந்தது. அச்சில் வரமுடியாத ஒரு கவிதை, நூலில்லாத ஒரு கவிஞரின் வாயால் இருநூறு இரவுகளுக்கு மேல் மொஸ்கோ மேடையில் ஒலித்தது.

குறையையும் சொல்லாமல் விடுதல் கூடாது. குடிப்பழக்கம் இளமையிலேயே அவரைப் பற்றியது. நாடகங்கள் நின்றன, நண்பர்கள் மனமுடைந்தனர், பன்முறை மருத்துவமனையிற் கிடந்தார். இறுதி ஆண்டுகளிற் போதைமருந்தும் சேர்ந்துகொண்டது. 1979 யூலையில் மத்திய ஆசியாவின் புகாரா நகரில் அவர் இதயம் சிறிது நேரம் நின்று மீண்டது. கலைஞர்க்கு இது இயல்பென்று பூசி மெழுகுவோரோடு நான் உடன்படேன். அப்பழக்கம் அவருக்கு ஒரு பாடலையும் கொடுக்கவில்லை. பல ஆண்டுகளைப் பறித்தது. அவ்வாறிருந்தும் அதே 1979இல் தொலைக்காட்சித் தொடரொன்றிலே குற்றத் தடுப்பு அதிகாரி ஷெக்லொவாகத் தோன்றினார். அவர் நடித்து வந்த வேளையில் நகர வீதிகள் வெறிச்சோடினவென்று இன்றும் ருஷ்யர் நினைவுகூர்வர். அரங்கிலும் அவ்வாண்டு 'குற்றமும் தண்டனையும்' நாடகத்தில் ஸ்விட்ரிகைலொவ் பாத்திரத்தை ஏற்றார்.

1980 யூலை 18ஆந் திகதி அவர் கடைசி முறையாக ஹாம்லெட்டாக நின்றார். மறுநாள் மொஸ்கோவில் ஒலிம்பிக் விளையாட்டு விழா தொடங்கியது. யூலை 25ஆந் திகதி அதிகாலை, தம் வீட்டிலே, நாற்பத்திரண்டாம் வயதில், அவர் உயிர் பிரிந்தது. விழாக் காலமாதலின் வெளியூரார் நகருட் புகக் கட்டுப்பாடு இருந்தது. செய்தித்தாள்களிற் சிறு அறிவிப்பு மாத்திரம் வந்தது. வானொலி ஊரெங்கும் முழங்கவில்லை. ஆயினும் யூலை 28ஆந் திகதி தகான்காச் சதுக்கத்திலே பல்லாயிரவர் திரண்டனர். கூரைகளிலும் கடைமுகப்புக்களிலும் மனிதர் நின்றனர். மலர்கள் வீதியை நிறைத்தன. பாடல்களைக் கொண்டுசென்ற அதே வழியாகச் செய்தியும் சென்றிருக்கிறது: ஒருவர் வாயிலிருந்து மற்றொருவர் செவிக்கு. அவர் நடிக்கவிருந்த ஹாம்லெட்டுக்கு நுழைவுச்சீட்டு வாங்கியிருந்தோர் பணத்தைத் திரும்பப் பெற வரவில்லை என்பர். சீட்டை நினைவுப் பொருளாக வைத்துக்கொண்டனராம். வகான்கொவோ மயானத்தில் அவர் அடக்கஞ் செய்யப்பட்டார்.

இறந்த பின் எல்லாம் வந்தன. 1981இல் 'நரம்பு' என்னும் கவிதைத் தொகுதி, கவிஞர் றொபேர்ட் றொஷ்தெஸ்த்வென்ஸ்கியின் முயற்சியால் அச்சேறியது. அதே ஆண்டில் தகான்கா அரங்கு அவரைப் பற்றி ஆக்கிய நாடகமோ தடுக்கப்பட்டது. காலம் மாறிய 1987இல் சோவியத் அரசின் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. அவர் மேடைப் பாடல்கள் இருபத்தொரு பெரிய இசைத்தட்டுக்களாக ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. 1995இல் மொஸ்கோவின் நிழற்சாலையொன்றிலே முதுகிற் கிற்றாரோடு அவர் சிலை எழுந்தது. வானத்தில் ஒரு சிறுகோளும் அவர் பெயரைத் தாங்கியுள்ளது. கேட்டு நின்றபோது கொடாத உலகம், கேளாதபோது கொட்டிக் கொடுத்தது.

நூலும் வந்துவிட்டமையால் என் பழைய அளவுகோலைக் கொண்டே அவரை நிறுத்துப் பார்த்தேன். தாளிற் படிக்கும்போது சில பாடல்கள் தளர்கின்றன. குரலும் தந்தியும் தாங்கிய இடங்கள் தாளில் வெறுமையாகத் தோன்றுகின்றன என்பதை மறைக்கமாட்டேன். மொழிபெயர்ப்பின் குறையும் அதிற் கலந்திருக்கலாம். ஆனால் ஓநாய்ப் பாடலையும், அடங்காக் குதிரைகளைப் பற்றிய 1972ஆம் ஆண்டுப் பாடலையும் படித்தபோது, குரலின் துணை இல்லாமலே என் உள்ளம் நடுங்கியது. அவை தாளுக்கு வருமுன் பல ஆண்டுகள் மக்கள் நாவிலே கிடந்தவை. நாவிற் கிடந்த காலத்தில் அவை கவிதை அல்லாதிருந்து, மை பட்டவுடன் கவிதையாயின என்று எவ்வாறு சொல்வேன்?

நான் செய்த பிழை இப்போது எனக்குத் தெளிவாகிறது. நூல் கவிதைக்குச் சாட்சி. நான் சாட்சியையே பிறப்பென்று கொண்டேன். வேறு சாட்சிகளும் உண்டு. தேய்ந்துபோன ஒலிநாடா ஒரு சாட்சி. முன்பின் அறியாத வீரர் எழுதிய கடிதம் ஒரு சாட்சி. திருப்பிக் கொடுக்கப்படாத நுழைவுச்சீட்டு ஒரு சாட்சி. ஆசிரியராயிருப்போர் அச்சுச் சாட்சியை மாத்திரம் விசாரித்துத் தீர்ப்புக் கூறினால், நம் முன்னே அமர்ந்திருக்கும் பிள்ளைகளுள் ஒருவரின் பாடலைக்கூட நாம் கேளாமல் விட்டுவிடக்கூடும்.

அடுத்த கூட்டத்தில் அம்மாணவனிடம் என் விடையைத் திருத்திக் கூற எண்ணியுள்ளேன். அவன் தன் குறிப்பேட்டிற் செய்யுட்கள் எழுதி வைத்திருக்கிறான் என்று மற்ற மாணவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதைக் கொண்டுவரும்படியும், அன்று வாய்விட்டுப் படிக்கும்படியும் அவனைக் கேட்பேன்.